கல்லுப்பு உருகிய சூடு

அப்பா பதம் வைக்கும்போது பட்டறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிடுவார். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள் சிவந்ததும் காந்தத்தைக் காட்டுவார். ஒட்டவில்லை என்றால் 770 டிகிரியைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டு, சட்டென்று ஆறி இறுகும்படி தோய்ச்சல். முதுகு கனத்த அரிவாளுக்கு அது போதும்.

நான் ஓட்டல் சமையல் கத்திக்கு மாறினேன். பேரிங் செய்யும் ஈ.என். 31 எஃகு, 2 மில்லிமீட்டர் கனம். கரி உலையில் நுனி ஆரஞ்சாகும்போது பிடியோரம் மங்கிய சிவப்பிலேயே நிற்கும். பிடியோரம் பதம் ஏறாமல் அரம் கடிக்கும், நுனியோ சூடு மிஞ்சி உதிரும்.

மின் உலை வாங்கினேன், பழைய ஆய்வக மஃபிள் உலை. 1200 டிகிரி வரை போகும் என்றதும் மற்றதைக் கேட்கவில்லை. எனக்கு வேண்டியதோ 820-தான். உள்ளறை ஆழம் 9 அங்குலம், என் கத்தி வாலோடு 13. குறுக்காகச் சாய்த்தும் கதவு மூடவில்லை. விற்றுவிட்டு, 18 அங்குல ஆழத்தில், இரண்டு பக்கச் சுவரிலும் சூடேற்றும் கம்பிச்சுருள் வைத்து ஒன்று செய்யச் சொன்னேன். 3 கிலோவாட், வீட்டு சிங்கிள் பேஸிலேயே ஓடும். கதவோரம் சூடு குறையும் என்பதால்தான் அவ்வளவு ஆழம். கத்தி நடுவில் கிடந்தால் நுனியும் பிடியும் ஒரே நிறத்தில் வருகின்றன. தோய்த்த கத்தி நொறுங்காமல் இருக்கக் கொடுக்கும் இரண்டாம் சூட்டுக்குத் தனி உலை வேண்டாம். கேக் சுடும் அவனில் மணல் தட்டு வைத்து, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை. மணல் இருந்தால் சூடு ஏறி இறங்குவது தணியும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு கத்திகள் முனை உதிர்ந்து திரும்பி வந்தன. ஒன்றை வைஸில் பிடித்து ஒடித்தேன். முறிவில் சர்க்கரை போல மணி மணியாக மின்னியது. சூடு மிஞ்சியிருக்கிறது, ஆனால் டிஸ்ப்ளே 820-ஐத் தாண்டியதே இல்லை.

சமையலறையிலிருந்து கல்லுப்பு எடுத்துவந்தேன். உப்பு உருகுவது 801 டிகிரியில். சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனையருகே வைத்து, மெதுவாகச் சூடேற்றினேன். 745 காட்டும்போதே உப்புக் கல்லின் ஓரம் மழுங்கி, தண்ணீராகத் தெளிந்துவிட்டது. அப்படியென்றால் நான் 820 என்று நம்பியது ஏறக்குறைய 875.

காரணம் ஒரு ஒயர். தெர்மோகப்பிளிலிருந்து, சூட்டைக் காட்டிக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குச் சாதாரணச் செம்பு ஒயரை இழுத்திருந்தார்கள். உலை மேலிருந்த இணைப்புப் பெட்டி கை வைக்க முடியாத சூடு. செம்பு ஒயர் போட்டால் அந்தச் சூடு கணக்கில் கழிந்துபோய், உள்ளே இருப்பதைவிடக் குறைவாகத்தான் காட்டும். என் தெர்மோகப்பிள் கே வகை; அதற்கே உரிய, அந்தப் பிழை வராத காம்பன்சேட்டிங் கேபிள் போட்டதும் கல்லுப்பு 800-ஐ ஒட்டி உருகியது. சோதனைத் துண்டைத் தோய்த்து ஒடித்தேன். முறிவு சாம்பல் நிறத்தில் மணி தெரியாமல் நைசாக இருந்தது, அரம் வழுக்கிக்கொண்டு போனது.

அதற்குமுன் கொடுத்த 11 கத்திகளையும் திரும்ப வாங்கி, கைப்பிடி கழற்றி, சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி பதம் வைத்துக் கொடுத்தேன். உப்புக் கிண்ணம் இப்போது உலைப் பக்கத்திலேயே இருக்கிறது. மாதத்தின் முதல் சூடு அதற்குத்தான்.