நேரு கொடுத்த துப்பாக்கியும் எங்கள் வீட்டுப் பர்மா சண்டையும்

பர்மாப் பட்டாளத்துக்கு ஆயுதம் கொடுக்கலாமா கூடாதா என்று அரை நாள் மல்லுக்கட்டுகிற ஊர் எது என்று கேட்டால் டெல்லி என்பீர்கள். எங்கள் பங்காளிகள் படைப்புக்கு ஒருமுறை வந்து பாருங்கள். முன்னோருக்குப் படைத்து, பந்தி முடிந்து, முகப்பில் ஆளுக்கொரு தூணில் சாய்ந்ததும் முதலில் கல்யாணப் பேச்சு வரும். அப்புறம் யார் வீட்டை யார் இடித்து விற்றார்கள் என்ற பேச்சு. அப்புறம் கட்டாயம் பர்மா, இப்போதைய மியான்மர். சாய்ந்திருக்கிற தூணே அங்கிருந்து வந்த தேக்கு என்பதால் தப்பிக்க வழியில்லை.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். வங்கி வேலை, அதிலும் பெரும்பகுதி அந்நியச் செலாவணிப் பிரிவில். ஓய்வு பெற்றபின் தேவகோட்டையிலேயே இருக்கிறேன். மற்ற பெண்கள் இரண்டாங்கட்டில் பேசிக்கொண்டிருக்க, நான் வெற்றிலை மரவையைத் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆரம்பத்தில் முறைத்தார்கள். இப்போது "எல்.சி. ஆச்சி வந்தாச்சு" என்று இடம் விடுகிறார்கள். எல்.சி. என்றால் லெட்டர் ஆஃப் கிரெடிட், சரக்குக்குப் பணம் தருவோம் என்று வங்கி கொடுக்கிற உறுதிக் காகிதம்.

இந்தத் தடவை ஆரம்பித்து வைத்தது கொழுந்தனார் மகன். சிங்கப்பூரில் வேலை. கூட வேலை பார்க்கிற பர்மாக்காரப் பிள்ளைகள் சம்பளத்தில் பாதியை ஊரில் போராடுகிறவர்களுக்கு அனுப்புகிறார்களாம். "பெரியாத்தா, உக்ரைனுக்கு உலகமே அள்ளிக் கொடுக்குது. இவங்க கையால செஞ்ச துப்பாக்கியோட நிக்கிறாங்க. இதுல என்ன நியாயம்?" என்றான்.

அவன் கோபம் எனக்குப் புரிகிறது. 2021 பிப்ரவரி 1-ம் தேதி தேர்தலில் ஜெயித்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் இறங்கிய பிள்ளைகளைச் சுட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பல பேர் காட்டுக்குப் போய், பட்டாளத்தோடு ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டிருந்த கரென், கச்சின் இனப் படைகளிடம் பயிற்சி எடுத்து மக்கள் பாதுகாப்புப் படை ஆனார்கள். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியில் பாசிஜி என்ற ஊரில் ஓர் அலுவலகத் திறப்புக்குக் கூடியிருந்தவர்கள் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டதில் 150 பேருக்கு மேல் செத்தார்கள். விமானத்தை விழுத்த ஓர் ஏவுகணை கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்கும் என்பது பையனின் கட்சி. அமெரிக்கா 2022 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது. அதிலும் உயிர் எடுக்காத உதவி மட்டும்தான் என்று வரம்பு கட்டிவிட்டது. அதையும் சொல்லிக் குமுறினான்.

அவன் அப்பா, என் கொழுந்தனார், நேர் எதிர். டைல்ஸ் வியாபாரம் பார்த்தவர், பேப்பரை விளம்பரம் வரை படிப்பவர். "நாம கொடுக்காட்டி சீனாக்காரன் கொடுப்பான்" என்பது அவருக்கு வேதம். மணிப்பூர், நாகாலாந்து தீவிரவாதிகள் பர்மாக் காட்டில் ஒளிகிறார்கள், அவர்களைத் துரத்த அந்தப் பட்டாளத்தின் தயவு வேண்டும். 2020-ல் சிந்துவீர் என்ற நீர்மூழ்கியையே நாம் கொடுத்தோம், எதற்கு? வங்காள விரிகுடாவில் சீனா காலூன்றக் கூடாது என்று. "இதெல்லாம் ராஜ தந்திரம் அண்ணமிண்டி, பாவ புண்ணியக் கணக்கு இல்ல."

அப்போதுதான் பெரிய மாமா கண்ணைத் திறந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். பையனாக இருக்கும்போதே கப்பலேறி, மோல்மேன் பக்கத்தில் அரிசி மில்லில் கணக்கெழுதி, 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கட்டின வேட்டியோடு திரும்பியவர். "எவனுக்கும் கொடுக்காதீங்க. ஒரு தடவை கொடுத்துப் பார்த்த ஊருதான் நம்ம ஊரு" என்றார். சிங்கப்பூர்ப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் தேதிகளை எடுத்துக் கொடுத்தேன்.

பர்மா சுதந்திரம் வாங்கியது 1948 ஜனவரியில். வருஷம் திரும்புவதற்குள் கம்யூனிஸ்ட்டுகள் ஒரு பக்கம், அடுத்து கரென்கள் ஒரு பக்கம் துப்பாக்கியைத் தூக்கினார்கள். 1949 பிப்ரவரியில் கரென்கள் ரங்கூனை ஒட்டிய இன்செயினில் நின்றார்கள். பிரதமர் ஊ நூவின் ஆட்சி ரங்கூனுக்கு வெளியே செல்லாது என்று கேலி பேசிய காலம். அப்போது ஆயுதம் அனுப்பிக் காப்பாற்றியவர் நேரு. டெல்லியில் காமன்வெல்த் நாடுகளைக் கூட்டிப் பேசினார். அடுத்த வருஷம் 60 லட்சம் பவுண்ட் கடன் ஏற்பாடாயிற்று. அதில் இந்தியாவின் பங்கு 10 லட்சம். இந்தியா சமயத்தில் கைகொடுக்காவிட்டால் பர்மா பிழைத்திருக்காது என்ற அர்த்தத்தில் ஊ நூவே பின்னால் நன்றி சொன்னார்.

இதில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அதே ஊ நூ அரசாங்கம் 1948 அக்டோபரில் நில தேசியமய சட்டத்தைப் போட்டிருந்தது. போனது பெரும்பாலும், கொடுத்த கடனுக்கு ஈடாகச் செட்டியார் கைக்கு வந்திருந்த நிலம். இழப்பீடு கேட்டு நம் ஆட்கள் டெல்லிக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்க, டெல்லி ரங்கூனுக்குத் துப்பாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் நேரு படம் மாட்டாததற்கு இதுதான் காரணம் என்று என் மாமியார் சொல்லுவார். படம் மாட்ட ஆணி அடித்தால் முட்டைப் பூச்சுச் சுவர் விரிந்துவிடும் என்பதுதான் நிஜக் காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் பெரிய மாமாவின் கோபம் நிலத்தோடு நிற்பதில்லை. இன்செயின் சண்டை தொடங்கிய நேரத்தில் பர்மா ராணுவத்துக்குத் தலைவராக இருந்த ஸ்மித் டன் ஒரு கரென். அவரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் நே வின்னை உட்கார வைத்தார்கள். ஆக, நேரு அனுப்பியது போய்ச் சேர்ந்தது நே வின் கைக்கு. 1962 மார்ச் 2-ம் தேதி அதே நே வின் ஊ நூவைப் பிடித்து உள்ளே போட்டார். 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள். சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பி வந்தார்கள். அந்தக் கப்பலில் ஒன்றில் பெரிய மாமா. "நம்ம துப்பாக்கியாலதான் நம்மளையே விரட்டினான்" என்பார்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. 1949-ல் ரங்கூன் விழுந்திருந்தால் அங்கிருந்த லட்சக்கணக்கான தமிழர்கள் கதி என்ன? தேர்ந்தெடுத்த அரசாங்கம் பக்கத்து வீட்டில் சரிகிறது, உதவி கேட்கிறது, கொடுத்தார். நேரு இடத்தில் நான் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். ஒன்று மட்டும் நிச்சயம்: கொடுத்தது ஊ நூவை நம்பி, தங்கியது ராணுவத்தின் கையில். அரசாங்கம் மாறும், பட்டாளத்தின் கிடங்கு மாறாது.

இன்னொன்றையும் முகப்பில் சொன்னேன், யாருக்கும் பிடிக்கவில்லை. 1930 டிசம்பரில் சயா சான் தலைமையில் பர்மா விவசாயிகள் கிளம்பினார்களே, அதை அடக்க வெள்ளைக்காரன் இறக்கியதில் இந்தியப் பட்டாளமும் உண்டு. கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் அடைக்க முடியாமல் நிலம் மாறி மாறி 1938-ல் 25 சதவீதம். வட்டிக்குக் கொடுத்தவன் சட்டப்படிதான் எடுத்தான், சரி. அந்தச் சட்டத்துக்குக் காவல் நின்றது வெளியூர்த் துப்பாக்கி என்பதை அங்கிருந்தவன் மறந்திருப்பானா? பெரிய மாமா பதில் சொல்லாமல் வெற்றிலையை மென்றார். கொழுந்தனார் மட்டும், "அது வேற, இது வேற" என்றார்.

இனி என் கட்சி. ஆயுத உதவி என்றதும் எல்லாருக்கும் பெட்டியில் அடுக்கிய துப்பாக்கி கண்ணில் தெரிகிறது. எனக்கு எல்.சி. தெரிகிறது. எங்கோ ஒரு கம்பெனி பர்மாவுக்குச் சரக்கு அனுப்ப வேண்டுமானால் வாங்குகிறவனின் வங்கி எல்.சி. திறக்கும், விற்கிறவன் இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் ரசீது எல்லாம் கொண்டுவந்து தன் வங்கியில் கொடுப்பான், காகிதம் சரியாக இருந்தால் பணம். மேஜையில் இருப்பவர் சரக்கைப் பார்ப்பதே இல்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். "ஸ்பேர் பார்ட்ஸ்" என்று இருந்தால் ஸ்பேர் பார்ட்ஸ். அது அரிசி மில்லுக்கா, ஹெலிகாப்டருக்கா? சரக்கு எந்த வகை என்று காட்டுகிற எச்.எஸ். கோடு எண்ணைத் தோண்டிப் பார்க்கிறவர் இருந்தால் தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் தடைப்பட்டியலோடு பெயர் பொருத்திப் பார்க்க ஒரு மென்பொருள் வந்தது. தோல் செருப்பு அனுப்புகிற ஒரு சின்ன ஏற்றுமதியாளரை, பெயர் ஏதோ ஒன்றோடு ஒத்துப்போகிறது என்று நாள் கணக்கில் நிறுத்தி வைத்தது. பாவம், அவர் சரக்கு ஏற்ற வேண்டிய கப்பலைத் தவறவிட்டார். பெயர் மாற்றிக்கொண்டு வருகிற கம்பெனிகளை அது கண்டுகொண்டதே இல்லை.

2023 மே மாதம் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் ஓர் அறிக்கை விட்டார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்தப் பட்டாளத்துக்குப் போன ஆயுதமும் அது சார்ந்த சரக்கும் குறைந்தது 100 கோடி டாலர். ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி, சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூர்க் கம்பெனிகள் வழியாக 25.4 கோடி, இந்தியாவிலிருந்து 5.1 கோடி, தாய்லாந்திலிருந்து 2.8 கோடி. சிங்கப்பூர் என்று வாசித்ததும் பையன் முகம் சுருங்கியது. அங்கே அரசாங்கம் கொடுக்கவில்லை, அங்கே இருக்கிற கம்பெனிகள் கொடுத்தன. சிங்கப்பூர் விசாரணை வைத்தது. அமெரிக்கா 2023 ஜூனில் பர்மாவின் இரண்டு அரசு வங்கிகள் மேல் தடை போட்டது. அடுத்த வருஷம் அதே ஆண்ட்ரூஸ் கணக்குப் பார்த்தார்: வங்கிகள் வழியாகப் பட்டாளம் வாங்கிய சரக்கு ஒரே வருஷத்தில் 37.7 கோடி டாலரிலிருந்து 25.3 கோடிக்கு இறங்கியிருந்தது. சிங்கப்பூர் வழி 11 கோடிக்கு மேல் இருந்தது 1 கோடிச் சொச்சம் ஆயிற்று.

ஒரு ஏவுகணை கூடச் சுடாமல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதைச் சொன்னால் பையன், "தாய்லாந்து?" என்று கேட்டான். கெட்டிக்காரன். தாய்லாந்து வழியாகப் போனது 6 கோடியிலிருந்து கிட்டத்தட்ட 13 கோடிக்கு ஏறியது. ஒரு கவுன்டரை மூடினால் அடுத்த கவுன்டரில் வரிசை நிற்கும். ஆனால் முழுதும் அங்கே போய்விடவில்லை, அதுதான் விஷயம்.

போராளிகளுக்கு ஏவுகணை கொடு என்ற பையன் கட்சிக்கு என்னால் வர முடியவில்லை. அங்கே ஒரே படை இல்லை. அரக்கான் படை, கச்சின் படை, கரென் படை, இன்னும் எத்தனையோ. 2024-ல் ரோஹிங்யா ஊர்களில் அரக்கான் படை நடந்துகொண்ட விதம் பற்றி வந்த புகார்களைப் படித்தவர்கள் யோசிக்காமல் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். 1949-ல் நே வின்னையும் நல்ல தளபதி என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் பட்டாளத்துக்குக் கொடுப்பதை நிறுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கொழுந்தனாரிடம் கேட்டேன்: நாம் நிறுத்தினால் சீனா கொடுப்பான், அவர்களுக்கு ஒரு குறையும் வராது என்கிறீர்கள். நாம் கொடுப்பதால் அவர்கள் நம் பேச்சைக் கேட்பார்கள் என்றும் சொல்கிறீர்கள். நிறுத்தினால் குறையே தெரியாத சரக்குக்கு எவன் கட்டுப்படுவான்? சீனாவையே பாருங்கள், பட்டாளத்துக்கு விமானமும் விற்கிறான், வடக்கே சண்டை போடுகிற படைகளிடமும் பேச்சு வைத்திருக்கிறான். 2024 ஆகஸ்டில் கிளர்ச்சிப் படை பிடித்த லாஷியோ நகரம், 2025 ஏப்ரலில் சீனா சொன்னதும் பட்டாளத்திடம் திரும்பிப் போனது. 5 கோடி டாலர் சரக்கில் அந்தப் பிடி நமக்குக் கிடைக்காது. மிசோரமைப் பர்மாத் துறைமுகத்தோடு இணைக்க நாம் கோடி கோடியாகக் கொட்டிய காலாதான் சாலைத் திட்டம் பலேத்வா என்ற ஊர் வழியாகப் போக வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து பலேத்வா அரக்கான் படை கையில். நாம் ஆயுதம் கொடுப்பது ஒருவனுக்கு, நம் சாலை இருப்பது இன்னொருவன் ஊரில். மிசோரமில் வந்து தங்கியிருக்கிற முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பர்மாவின் சின் இன அகதிகள் யார் குண்டுக்குப் பயந்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"நீர்மூழ்கியால கிராமத்துல குண்டு போட முடியாதே" என்றார். முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அது கொடுத்ததும் கவிழ்ப்புக்கு முன்னால். பின்னால் போனவற்றுக்கு, முந்தைய மக்களாட்சி அரசுடன் போட்ட ஒப்பந்தங்கள் என்று நம் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். ஒப்பந்தம் பழசாக இருக்கலாம், ஏற்றுமதி அனுமதியை அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். 2021 ஜூனில் ஆயுதம் போவதைத் தடுக்கச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் 119 நாடுகள் வாக்களித்தபோது நாம் ஒதுங்கி நின்ற 36-ல் ஒன்று.

எண்ட் யூஸ் சர்ட்டிபிகேட் என்று ஒரு காகிதம் உண்டே, சரக்கை எதற்குப் பயன்படுத்துவோம் என்ற உறுதி, அது போதாதா என்று கொழுந்தனார் கடைசியாகக் கேட்டார். அதில் கையெழுத்துப் போடுவது வாங்குகிற பட்டாளமே. அதனால் எனக்கு வேண்டியது வேறு: 2021 பிப்ரவரிக்குப் பிறகு இந்தியாவிலிருந்து போன ஒவ்வொரு பில்லிலும் சரக்கு என்னவென்று எழுதியிருக்கிறது, வாங்கியவர் பெயர் என்ன, எந்தத் தேதி, பணம் எந்த வங்கி வழியாக வந்தது. இதை நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். ரகசியம் என்று சொல்லுவார்கள். காகிதம் எல்லாம் இருக்கிறது, எங்கள் பிரிவாக இருந்தால் சாயங்காலத்துக்குள் எடுத்துக் கொடுத்திருப்போம்.