சிக்னேச்சர் கிட்டார்: ஓசூர் பக்கம் செய்ய நினைப்பவர்களுக்கு

ராக் கிட்டாரிஸ்ட் ஒருவருக்காகத் தனி மாடல் என்றாலே எல்லோரும் நிறத்தையும் கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் வரும் கையெழுத்தையும்தான் முதலில் பேசுவார்கள். அது கடைசி வேலை. இப்போது வாசிக்கும் கிட்டாரில் அவர் கைக்கு எது இடைஞ்சல் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அமெரிக்க ராக் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாய்க்காக ஐபனேஸ் கம்பெனி 1987-ல் கொண்டுவந்த ஜெம் மாடலைப் பாருங்கள். நெக்கில் 24 ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகப் பட்டை), கடைசி நான்கில் ஸ்கேலப் (ஃப்ரெட்களுக்கு இடையே மரத்தைக் குழிப்பது), சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ பாரை மேலே இழுக்கவும் இடம் விட்டுக் குடைந்த பள்ளம். எல்லாம் அவர் வாசிக்கும் விதத்துக்கானவை. பாடியில் இருக்கும் கைப்பிடி ஓட்டை மட்டும் கொஞ்சம் பந்தா.

ஆகவே வெர்னியரோடு உட்காருங்கள். நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் கட்டை) அகலம், முதல் ஃப்ரெட்டிலும் பன்னிரண்டிலும் நெக்கின் கனம், ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து ப்ரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்), கம்பி சைஸ், ட்யூனிங் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கனம் 20, 22 மி.மீ. என்பது சாதாரணம். அதில் ஒரு மி.மீ. கூடினாலே கை சொல்லிவிடும்.

ஃப்ரெட் கணக்கு எளிது. ஸ்கேல் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் தூரம், 648 மி.மீ.க்கு 36.37 வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போகலாம். பன்னிரண்டாவது 324-ல் விழுந்தால் கணக்கு சரி. ஆனால் கோடு போடும்போது எல்லாத் தூரத்தையும் நட்டிலிருந்தே அளக்கவும். ஒன்றிலிருந்து அடுத்தது என்று அளந்தால் சிறு பிழை கூடிக்கூடி, மேல் ஃப்ரெட்களில் சுருதி நிற்காது. பாடியில் கம்பிகளைத் தாங்கும் ப்ரிட்ஜையும் சரியாக 648-ல் வைத்துவிடாதீர்கள். தடித்த ஈ கம்பி உட்காரும் சேடில் மூன்று, நான்கு மி.மீ. பின்னால் போக இடம் வேண்டும்.

மரத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பாடிக்கு மலைவேம்பு எடை குறைவு, மரம் குடையும் ரூட்டருக்கு மெது. மாமரம் கிருஷ்ணகிரியில் சுலபமாகக் கிடைக்கும். வரி அழகாக இருக்கும், ஆனால் வண்டு பிடிக்கும். ஓட்டையில் பொடி கொட்டினால் அந்தப் பலகை விறகுக்குத்தான். நெக்குக்கு வரி நேராக ஓடும் தேக்கை மூன்று துண்டாக ஒட்டலாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, பசை தடவும் முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் இணைப்பு பிரியும். மாய்ஸ்சர் மீட்டரில் 8 முதல் 10 சதவீதம் காட்டும்வரை அறுக்காதீர்கள். ஐப்பசி மழையில் அறுத்து ஃப்ரெட் அடித்த போர்டு, தர்மபுரி சித்திரை வெயிலில் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும்.

நெக்கை மட்டம் பிடிக்க நம்ம ஊரில் ஒரு வசதி: கிரானைட். பாலிஷ் போடும் இடங்களில் கழிவாகப் போகும் நீளத் துண்டு ஒன்று வாங்கி, ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இடையில் வெளிச்சம் கசியாத துண்டுதான் வேண்டும். அதன்மேல் 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டி நெக் கட்டையைத் தேய்த்தால், நெக்கில் கைப் பிளேனர் விடும் மேடு பள்ளம் இருக்காது.

சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் சி.என்.சி. (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் நிறைய. மரம் என்றதும் முகம் சுளிப்பார்கள். தூள் மெஷினின் ஸ்லைடில் போய் உட்காரும் என்பது நியாயமான பயம்தான். கூலன்ட்டை நிறுத்தி, வேக்குவம் வைத்து, ஒரு பாஸுக்கு 3 மி.மீ. மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பாடியின் கொம்புப் பக்கம் வரி குறுக்கே வருவதால் பிய்த்துக்கொண்டு வரும். அங்கே ஒரு மி.மீ. மிச்சம் விட்டுக் கையால் தேய்ப்பது மேல்.

அதிகம் சொதப்புவது ட்ரெமலோதான். 9-42 சைஸ் கம்பி செட்டின் இழுவையே சுமார் 40 கிலோ. அந்தப் பாரம் முழுக்க ட்ரெமலோ ப்ரிட்ஜைத் தாங்கும் இரண்டு ஸ்டட்களில் (தடித்த திருகுகள்) நிற்கிறது. மலைவேம்பில் நேராகத் திருகினால் சில வாரத்தில் ஸ்டட் முன்பக்கம் சாயும். பாரை அழுத்தி விட்டால் சுருதி திரும்பாது, பழி ட்யூனர் மேல் விழும். ஸ்டட் வரும் இடத்தில் வேங்கைக் கட்டை பதித்து ஒட்டி, அதில் துளை போடுங்கள். ப்ரிட்ஜ் ஸ்டட்டில் சாய்ந்து ஆடும் கத்திமுனை தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். குவீன் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரிலும் ட்ரெமலோ ஆடுவது கத்திமுனையில்தான். ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிள் வால்வினுடையது.

கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் கீச்சிட்டால் மெழுகில் ஊற வைக்க வேண்டும். பாரஃபின் நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, 65 டிகிரி, குமிழி நிற்கும்வரை. 70 தாண்டினால் உள்ளே சுருள் சுற்றிய பாபின் நெளியும். அடுப்பில் நேராக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். கிட்டார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதென்றால் ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. தொட்டாலும் மாறாவிட்டால் ப்ரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரைப் பாருங்கள். மண்டபத்தில் மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடித்தால் அது ஆம்ப் அல்லது மண்டப எர்த் கோளாறு. அந்த பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெயின்டுக்குக் கார் பட்டறையில் அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) போதும், மழை நாளில் அடிக்காதீர்கள்.

ஆனால் பெயின்டுக்கு முன் மொட்டை மாடலை வாசிப்பவரிடம் கொடுத்து, நின்றுகொண்டு முழு ரிகர்சல் வாசிக்கச் சொல்லுங்கள். கையை விட்டதும் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துச் சரிந்தால், மேல் கொம்பை நீட்டி ஸ்ட்ராப் பட்டனைப் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் கொண்டுவர வேண்டும். அவர் சரி என்ற நெக்கின் வளைவை முதல், ஐந்தாம், பன்னிரண்டாம் ஃப்ரெட்களில் அட்டையில் வெட்டி, அப்படியே அக்ரிலிக்கில் மாற்றி வையுங்கள். அடுத்த கிட்டாருக்கு வரைபடத்தைவிட அந்த மூன்று துண்டுகள்தான் வேண்டியிருக்கும்.