நிலம் மூழ்கினாலும் நாடு நாடுதானா? ஒரு சர்வதேச அரசியல் ஆசிரியரின் நாட்குறிப்பு

2025 ஜூலை 17, வியாழன்

துவாலு, கடல்மட்டம் ஏறி மூழ்கும் ஆபத்தில் இருக்கும் பசிபிக் தீவு நாடு. அதன் மக்களுக்கான ஆஸ்திரேலிய விசா குலுக்கலில் பதிய நாளை கடைசி நாள். ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்த்தே சுமார் 26 சதுர கிலோமீட்டர் நிலம், பத்தாயிரத்துச் சொச்சம் மக்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜூன் மாதமே பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 280 பேருக்குத்தான் இடம்.

இந்த விசாவுக்கு அடிப்படை, 2023-ல் ஆஸ்திரேலியாவும் துவாலுவும் கையெழுத்திட்ட ஃபலெபிலி ஒப்பந்தம். அதை இன்று மறுபடி படித்தேன். கடல் ஏறினாலும் துவாலுவின் அரசுரிமை, அதாவது நாடு என்ற தகுதி, தொடரும் என்று ஆஸ்திரேலியா அதில் ஒப்புக்கொள்கிறது. நல்லது. ஆனால் நான்காம் பிரிவின்படி, துவாலு வேறு யாரோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்வதானாலும் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம்கூட அதில் அடக்கம். சீனாவை மனதில் வைத்து எழுதியது என்பது படித்தவுடனே தெரிகிறது. காலநிலை நெருக்கடி முற்றினால் வல்லரசுப் போட்டி தானாக அடங்கும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

சர்வதேச அரசியலுக்கென்று முதல் பேராசிரியர் பதவி 1919-ல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் ஏற்பட்டது, முதல் உலகப் போர் முடிந்த கையோடு. நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, அதை எப்படித் தடுப்பது? துறை பிறந்தது இந்தக் கேள்வியில். பூமி எப்போதும் போல இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை.

துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் பெரிய ஓதத்தின்போது கடல் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை. பவளப்பாறைத் தரையின் துளைகள் வழியே வீட்டு முற்றத்தில் ஊறி மேலே வருகிறது. அங்கே புலாக்கா என்றொரு கிழங்கு, நம் சேப்பங்கிழங்குக் குடும்பம். நன்னீர் தட்டும்வரை குழி வெட்டி, அதில் பயிரிடுவார்கள். அந்தக் குழிக்குள் உப்பு ஏறினால் பயிர் போச்சு.

இதைச் செய்த எதிரி யார்? படை வரவில்லை, கெடுக்கும் எண்ணம்கூட யாருக்கும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டன் எரித்த நிலக்கரியின் கரியமில வாயுவில் ஒரு பகுதி இன்னும் காற்றில் இருக்கிறது. எதிரியும் அவன் நோக்கமும் இல்லாமல் எங்கள் பாதுகாப்புக் கோட்பாடுகளால் ஒரு அடி நகர முடியாது.

ஜூலை 24, வியாழன்

நேற்று தி ஹேகில் சர்வதேச நீதிமன்றம் காலநிலை குறித்த ஆலோசனைக் கருத்தைச் சொல்லிவிட்டது, ஒருமனதாக. 2019-ல் பசிபிக் சட்ட மாணவர்கள் கிளப்பிய யோசனை. இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டு அதைக் கையிலெடுத்து, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை வழியாக நீதிமன்றம்வரை கொண்டுபோனது.

எனக்கு முக்கியமான இடம் அரசுரிமை பற்றியது. 1933 மான்டிவிடியோ உடன்படிக்கையின் இலக்கணத்தைத்தான் வகுப்பில் சொல்லித் தருகிறோம்: மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் தகுதி. ஒரு நாடு உருவான பிறகு இவற்றில் ஒன்று மறைந்தாலும் அரசுரிமை போய்விட வேண்டியதில்லை என்கிறது நீதிமன்றம். கடல் ஏறுவதால் கடல் எல்லையைத் திருத்தி வரையவும் வேண்டாம். சூரை மீன்பிடி உரிமக் கட்டணத்தை நம்பி வாழும் துவாலுவுக்கு இது சோற்றுப் பிரச்சினை. நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத கருத்துதான். இருந்தாலும் நிம்மதியாக இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

2021 டிசம்பரில் காலநிலையைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கச் சொல்லும் தீர்மானத்தை அயர்லாந்தும் நைஜரும் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குக் கொண்டுவந்தன. 12 வாக்குகள் ஆதரவு, சீனா ஒதுங்கியது, ரஷ்யா வீட்டோ செய்தது. இந்தியாவும் எதிர்த்து வாக்களித்தது. எல்லா நாடுகளும் உட்கார்ந்து பேசும் காலநிலை மாநாட்டிலிருந்து விஷயத்தைப் பிடுங்கி, ஐந்து நாடுகளுக்கு மட்டும் வீட்டோ உள்ள பாதுகாப்பு அவையின் கையில் கொடுக்கக் கூடாது என்பது இந்தியாவின் வாதம். அந்தப் பயம் நியாயமானதே. 2016-ல் ஐந்து ஆய்வாளர்கள், நாடுகளை மையமாக்கும் இந்தத் துறை பூமியைக் கோட்டைவிட்டது என்று எழுதி, பூமிக்கென்றே ஓர் அவை கேட்டார்கள். அங்கேயும் நாற்காலி யாருக்கு என்ற கேள்வி வரும்தானே?

ஆனால் எதிர்த்து வாக்களித்ததோடு நம் வேலை முடிந்ததா? முடியவில்லை என்றே நினைக்கிறேன். பருவக் கடைசியில் அவசரமாக ஓட்டும் 'சுற்றுச்சூழல்' அலகை இந்த முறை முதலில் எடுக்கிறேன், துவாலுவிலிருந்து. மான்டிவிடியோ அதற்குப் பிறகு வரட்டும்.