நிலவறையில் ஒரு கடல்

நான்கு மாதமாக எங்கள் நிலவறையில் துணி காயப்போட இடமில்லை. அங்கே என் கடலின் பின்கட்டு இருக்கிறது: வடிகட்டித் தொட்டி, பம்பு, உப்பு கரைக்கும் பீப்பாய். மேலே கூடத்தில் கடல்மீன் வளர்க்க 1,000 லிட்டர் கண்ணாடித் தொட்டி. தண்ணீர் மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும் என்பதால் தரைக்குக் கீழிருந்து முட்டுக் கொடுத்த பிறகுதான் அதை நிரப்பினோம்.

முதல் சோதனையில் பம்பை நிறுத்தினேன். மேலே ஏறிய தண்ணீர் அதே குழாய் வழியே இறங்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து என் செருப்பு மிதந்தது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை இருந்திருந்தால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்திருக்கும். இப்போது போட்டுவிட்டேன். பாசி அடைக்காமலிருக்க வாரந்தோறும் பழைய பல் துலக்கியால் தேய்க்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் மீன் எங்கே என்கிறார்கள். மீன் கழிவில் வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற வேண்டாமா? ஒன்றரை மாதமாகக் கல்லையும் மணலையும்தான் பார்க்கிறோம். அதன்மேல் படர்ந்த பழுப்புப் பாசியைக் காட்டி, "உங்கள் மீன்கள் நலமா?" என்கிறாள் மனைவி.

இன்னொரு அசட்டுத்தனம்: ஆவியான தண்ணீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றிவந்தேன். உப்பு ஆவியாகாதே! நன்னீரை 1 என்று வைத்தால் 1.025-இல் நிற்க வேண்டிய அடர்த்தி ஏறிக்கொண்டே போனது. இப்போது நன்னீர் மட்டும்.

நேற்று இரவு அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம். இரண்டு கோமாளி மீன்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.