புதுக் கண்ணாடியும் ஆறு பாயிண்ட் எழுத்தும்

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

ஆடிப்பெருக்கு முடிந்துவிட்டது. சிவகாசியில் அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அச்சகத்தில் புரூஃப் (அச்சுக்கு முன் பிழை திருத்தும் தாள்) பார்க்கும் எனக்கு இனி மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள் கண்ணைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றுதான் புரோகிரசிவ் கண்ணாடி வாங்கினேன்; மேலே தூரத்துக்கு, நடுவே திரைக்கு, கீழே படிப்பதற்கு என்று ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும். தூரத்துக்கு மைனஸ் 0.75, புதிதாக சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் மங்குவதைச் சரிசெய்யும் பவர்) மைனஸ் 1.00, படிப்பதற்கு ஆட், அதாவது தூரப் பவரோடு கூட்டிக்கொள்வது, பிளஸ் 2.00. இதுவரை இருந்தது வெறும் வெள்ளெழுத்துக் கண்ணாடி. அதில் கையிலிருக்கும் புரூஃப் தெரியும், கம்ப்யூட்டர் திரை தெரியாது. கழற்றுவதும் மாட்டுவதுமாகவே நாள் போய்விடும்.

காலையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். முதல் படியிலேயே கைப்பிடியை இறுகப் பிடிக்க வேண்டியதாயிற்று. படி மங்கி, இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே வந்து நிற்கிறது. லென்ஸின் கீழ்ப்பகுதி 40 செ.மீ. தூரத்தில் படிப்பதற்கென்று செய்தது. படியோ கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் கீழே இருக்கிறது. மோவாயைத் தாழ்த்தி லென்ஸின் மேல்பகுதி வழியாகப் பார்த்தால்தான் படி தன் இடத்துக்குப் போகிறது.

6 ஆகஸ்ட், செவ்வாய்

தலையைத் திருப்பினால் அறை கூடவே ஆடுகிறது. கதவு நிலை சாய்ந்து தெரிகிறது. பஸ்ஸில் குமட்டல். சாயங்காலம் வரை கழற்றவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

இன்று தினசரித் தாள் புரூஃப். ஆறு பாயிண்ட் பொடி எழுத்தில் திதி, நட்சத்திரம், நாழிகைக் கணக்கு. தமிழ்ப் புரூஃப் பார்க்கிறவர்களுக்குப் புள்ளிதான் உயிர். க-வுக்கு மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா, பக்கத்தில் நிற்பது துணைக்காலா, ர-வா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இந்தக் கண்ணாடியில் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள்தான் தெளிவாக இருக்கின்றன. அடுத்த சொல்லுக்குக் கண்ணை நகர்த்தினால் கரைந்துவிடுகிறது. தலையையே நகர்த்த வேண்டும்.

எண்கள் இன்னும் மோசம். வியாழக்கிழமை ராகு காலம் 1.30–3.00. அது மனப்பாடம் என்பதால், தாளில் 8.00 என்று விழுந்திருந்தாலும் 3.00 என்றே மனம் வாசித்துவிடும். எனக்கு அதுதான் பயம். பிளேட் ஏறிவிட்டால் அந்தத் தாள் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்கும்! நல்ல காரியத்துக்கு நேரம் பார்க்கிறவர்கள் அதை நம்பித்தான் பார்க்கிறார்கள். எண்களை மட்டும் தம்பி ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, மூலப்பிரதியோடு ஒத்துப்பார்த்து முடித்தேன்.

10 ஆகஸ்ட், சனி

கடைக்குப் போன் செய்தேன். "பதினைஞ்சு நாள் போட்டுப் பாருங்கக்கா, பழகிடும்." என்ன பிரச்சினை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

14 ஆகஸ்ட், புதன்

அக்கா மகன் ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதும் படிப்பு, படிக்கிறான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சித்தி, நீங்க சொல்றதுல பழகுறதும் இருக்கு, பழகாததும் இருக்கு" என்றான்.

தலை திரும்பும்போது கண் எதிர்த்திசையில் அதற்கேற்ற அளவு நகர்ந்து காட்சியை ஆடாமல் வைத்துக்கொள்ளும். லென்ஸ் மாறினால் அந்த அளவும் மாறும். மூளை புது அளவைக் கற்றுக்கொள்ளும் வரை ஆட்டம் இருக்கும். சாய்ந்த கதவு புது சிலிண்டரின் வேலை, அதுவும் அடங்கும். அடிக்கடி கழற்றினால்தான் தாமதமாகும். பக்கவாட்டு மங்கல் எந்த விலை லென்ஸிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நடுப்பாதையில் மேலிருந்து கீழே பவர் எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓரத்தில் வேண்டாத சிலிண்டர் கூடும். இதை 1963இல் மிங்க்விட்ஸ் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாராம்.

ஆனால் நேராகப் பார்த்துப் படிக்கும்போதே தெளிவு இவ்வளவு குறுகலாக இருந்தால் அது பழகும் விஷயம் இல்லை என்றான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தாளை முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னான். வலக்கண்ணுக்குத் தெளிவு ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது. இடக்கண்ணுக்கும் அதே பக்கம். தலையைக் கொஞ்சம் திருப்பினால் இரண்டுமே நடுவுக்கு வந்தன. "பி.டி.யை, அதான் மூக்கு நடுவுலேர்ந்து கருமணி வரைக்கும் உள்ள தூரத்தை, ஒவ்வொரு கண்ணுக்கும் தனியா எடுத்தாங்களான்னு கேளுங்க சித்தி."

17 ஆகஸ்ட், சனி

கேட்டேன். எடுக்கவில்லை. இரண்டு கருமணிகளுக்கும் நடுவே 62 மி.மீ. என்று ஸ்கேல் வைத்து அளந்து, பாதிப் பாதியாக 31, 31 என்று போட்டிருக்கிறார்கள். மூக்கு எல்லாருக்கும் நட்டநடுவில் இருப்பதில்லையே! இன்று கருவியில் அளந்தபோது வலது 32.5, இடது 29.5.

அங்கிருந்த ஒரு பெரியவர்தான் அக்கறையாகப் பார்த்தார். லென்ஸில் வாயால் ஊதினார். ஆவி படிந்ததும் கண்ணுக்கே தெரியாதிருந்த இரண்டு குட்டி வட்டங்கள் தெரிந்தன, 34 மி.மீ. இடைவெளியில். எல்லா புரோகிரசிவ் லென்ஸிலும் இப்படி ஒரு குறி செதுக்கியிருக்குமாம். அதை வைத்து லென்ஸின் மையத்தைக் கண்டுபிடித்துப் பேனாவால் சிலுவைக்குறி போட்டு, கண்ணாடியை என் முகத்தில் மாட்டிப் பார்த்தார். சிலுவை கருமணிக்கு நேரே விழ வேண்டும், விழவில்லை. உயரத்திலும் கொஞ்சம் கீழே. லென்ஸை மாற்றித் தருவதாக அவரே சொல்லிவிட்டார். சரி, வந்த கோபத்தை அவரிடம் காட்டுவதில் நியாயமில்லை. ஆனால் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்குகிறவர்களிடம், ஒரு நிமிட அளவை மிச்சம் பிடித்துவிட்டுப் "பழகிடும்" என்று சொல்வது பெரிய அநியாயம். எத்தனை பேர் அதை நம்பிக் கண்ணாடியைப் பெட்டியிலேயே போட்டு வைத்திருப்பார்களோ!

24 ஆகஸ்ட், சனி

புது லென்ஸ் வந்தது. ஃபிரேமின் அடிப்பாகம் கன்னத்தை நோக்கிச் சாயும்படி வளைத்தும் கொடுத்தார். அப்படிச் சாய்த்தால் படிக்கும் பகுதி கண்ணுக்குக் கிட்டே வருமாம். வீட்டுக்கு வந்ததும் பழைய புரூஃப் ஒன்றை எடுத்தேன். காலண்டர் தாளின் அகலம் முழுக்க, தலையைத் திருப்பாமல் வாசித்தேன். புள்ளி ஒவ்வொன்றும் அதனதன் எழுத்தின் தலையில் இருந்தது.

2 செப்டம்பர், திங்கள்

ஆட்டம் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. படியில் மட்டும் இன்னும் மோவாயைத் தாழ்த்தித்தான் இறங்குகிறேன். கம்ப்யூட்டர் திரை கொஞ்சம் உயரத்தில் இருந்தது. அடியில் இருந்த பெட்டியை எடுத்துத் தாழ்த்திய பிறகு கழுத்து வலிக்கவில்லை.

பைண்டிங் பகுதியில் இருக்கும் அக்காவிடமும் ஒரு புரோகிரசிவ் கண்ணாடி சும்மா கிடக்கிறதாம், போட்டால் தலை சுற்றுகிறது என்று. ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் தெளிவு ஓரத்தில்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, லீவு. திங்கட்கிழமை அவர் கடைக்குப் போகும்போது நானும் கூடப் போகிறேன்.