இலை மேல் உப்பு

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் இன்று கழிமுள்ளிச் செடி பூத்திருந்தது. வெளிர் ஊதா. மேலிதழே கிடையாது, அகன்ற கீழிதழ் மட்டும்தான். கருவண்டு ஒன்று வந்து இறங்கியதும் கொத்தே ஆடியது.

என் கண் இலையில்தான் நின்றது. ஓரமெல்லாம் முள். வெயில் ஏறிய பிறகு அதன் மேல் பொடிப்பொடியாக உப்பு!

வேர் வழியே ஏறும் உப்பை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. அப்படித்தான் இந்த உவர்ச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது.

பக்கத்தில் நின்ற பெரியவர், "எங்க பிச்சாவரத்துலயும் இது உண்டு தம்பி" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

2002இல் இந்த இடத்தை இயற்கை வனக்காப்பகமாக அறிவித்தார்கள். நல்ல வேலை செய்தார்கள். சிங்கப்பூரில் அலையாத்திக் காடு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதில் இனி ஒரு பிடிகூடக் குறையக் கூடாது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.