மார்செய்யில் மீனுக்குப் போய்க் கடலை தின்ற கதை

பிப்ரவரி 1, இரவு

பிரான்சின் தெற்குத் துறைமுக நகரமான மார்செய்யில், சேன் ஷார்ல் ரயில் நிலையத்தின் 104 படிகளையும் பெட்டியோடு இறங்கிய பசியில் நேராகப் பழைய துறைமுகத்துக்குத்தான் போனேன், இந்த ஊர் மீன் குழம்பான பூயாபேஸ் சாப்பிடாமல் திரும்புவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு. முதல் கடையில் ஒரு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டுமாம். அடுத்ததில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்களாம், ஆளுக்கு எண்பது யூரோவுக்கு மேல். விலைபோகாமல் மிஞ்சிய முள் மீன்களை மீனவர்கள் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்த குழம்பு ஐயா இது! கண்ட மீனையும் போட்டு இந்தப் பெயரில் விற்கிறார்கள் என்று 1980இல் இங்குள்ள சில உணவகங்கள் சேர்ந்து ஒரு சாசனமே எழுதின. பட்டியலில் உள்ள மீன்களில் நாலு வகையாவது இருக்க வேண்டும், சாப்பிட வந்தவர் கண் முன்னாலேயே வெட்ட வேண்டும். எல்லாம் சரி, ஒற்றை ஆள் என்ன செய்வது? வண்டிக்கடையில் பீட்சா வாங்கினேன். பாதி உப்பு நெத்திலி, பாதி சீஸ். இந்த ஊரில் அதற்கு 'பாதிப் பாதி' என்றே பெயர்.

பிப்ரவரி 2

அறை வாடகைக்குத் தந்த பாட்டி விடிவதற்கு முன்பே கதவைத் தட்டிவிட்டார். இன்று ஷாந்தலர், குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள். குளிரில் பல் கிட்ட, துறைமுகத்திலிருந்து கூட்டத்தோடு ஏறி சேன் விக்தோர் கோயிலுக்குப் போனோம். கையில் பச்சை மெழுகுவத்தி, முன்னால் கறுத்த மாதா சிலை. பூசை முடிந்து பேராயர் பக்கத்துத் தெருவில் 1781 முதல் எரியும் பேக்கரி அடுப்பை மந்திரித்த பிறகுதான் நவெத் விற்பனை.

நவெத் என்பது ஒரு பிஸ்கெட். படகு வடிவம், நடுவில் கத்தியால் ஒரு கீறல், கடித்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. அவ்வளவு கெட்டி. கொஞ்சம் ஊறவிட்டால் ஆரஞ்சுப் பூ வாசம் மூக்கு வழியாக வரும். காபியில் முக்கித் தின்றேன், பாட்டி முறைத்தார். அவர் ஒன்றை மெழுகுவத்தியோடு சேர்த்து அலமாரியில் வைத்துவிட்டார், அடுத்த வருடம் வரை வீட்டுக்குக் காவலாம்.

பிப்ரவரி 3

மிஸ்திரால் என்ற பலத்த குளிர்காற்று. படகுகள் போகவில்லை, துறைமுகத்தில் மீன் மேசைகள் காலி. ஜோலியெத்திலிருந்து 35ஆம் நம்பர் பஸ் பிடித்து லெஸ்தாக் போனேன். ஓவியர் செசான் வரைந்த கடற்கரை, ஆனால் நான் போனது பனீஸுக்கு.

கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டி தட்டாமல் கூழாகக் கிளறி, உருளையாக ஊற்றி ஆறவைத்து, வட்டமாக நறுக்கி எண்ணெயில் போடுவது, அவ்வளவுதான். நம் பஜ்ஜி மாவையே பஜ்ஜியாக்கியதுபோல என்று இளக்காரமாகத்தான் ஒன்றை எடுத்தேன். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி இளகல், மேலே உப்பு மட்டும். காகிதப் பொட்டலம் எண்ணெயில் கண்ணாடியாகி விரல் தெரியும் வரை தின்று, இன்னொன்று வாங்கினேன். பக்கத்திலேயே ஷீஷி என்று சர்க்கரையில் புரட்டிய நீள மாவுப் பொரியல், திகட்டுகிறது, ஒருவருக்கு ஒன்று அதிகம்.

சாயங்காலம் பஸ்தீஸ். 1915இல் அப்சாந்த் மதுவைத் தடை செய்த பிறகு வந்து நிலைத்த சோம்பு மது இது, போல் ரிக்கார் தன்னுடையதை இதே ஊரில் 1932இல் கொண்டுவந்தார். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். ஊற்ற ஊற்ற மஞ்சள் நிறம் பாலாகத் திரள்கிறது, சாராயத்தில் கரைந்திருந்த சோம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால். நான் முதலில் ஐஸைப் போட்டுவிட்டேன். பக்கத்து மேசைப் பெரியவர் "ஐயோ, கடைசியில்!" என்று கையைப் பிடிக்காத குறை.

பிப்ரவரி 4

காற்று ஓயவில்லை. நோவாய் சந்தையில் துனீசியா லப்லாபி. பழைய ரொட்டித் துண்டுகள் மேல் சீரகமும் பூண்டும் போட்ட கொண்டைக்கடலைச் சாறு, ஹரிஸா மிளகாய் விழுது, முட்டை. மீனுக்கு வந்த ஊரில் இரண்டாவது நாளாகக் கடலை! காரம் நாக்குக்கு இதமாக இருந்தது, அதற்கே அவர்களுக்குப் புண்ணியம்.

பிப்ரவரி 5

படகு வந்துவிட்டது. பாட்டி விரல் நீளப் பாறை மீன்களை ஒரு கிலோ அள்ளிக்கொண்டார், சிவப்பும் புள்ளியுமாக, சில இன்னும் துடித்தபடி. வெங்காயம், பூண்டு, தக்காளி, பெருஞ்சீரகத் தண்டு வதக்கி, மீனைத் தலையோடு அப்படியே போட்டு, ஆரஞ்சுத் தோல் ஒரு சுருள், குங்குமப்பூ. வெந்ததும் கைப்பிடி சுற்றும் அரைப்பானில் முள்ளோடு போட்டார். நான்தான் சுற்றினேன், தோள் கழன்றுவிட்டது. அடியில் செங்கல் நிறத்தில் கெட்டியாகச் சாறு இறங்க, மேலே நறநறவென்று முள் சக்கை. வறுத்த ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, மிளகாயும் பூண்டும் சேர்த்த 'ரூய்' விழுதைத் தடவி மிதக்கவிட வேண்டும். மூன்று கிண்ணம் குடித்தேன்.

"இது பூயாபேஸ்தானே?" என்றேன்.

"இல்லை, மீன் சூப். அதற்கு முழு மீன் தனியாக வரவேண்டும்" என்றார், கரண்டியை ஆட்டியபடி. "அடுத்த தடவை துணைக்கு ஒருத்தரைக் கூட்டி வா."

நாளை காலை ரயில்.